பின்னுக்கு யாரு நிக்கிறா? பழைய வானும் ரிவர்ஸ் கமராவும் லயத்து வாசலும்

ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், எங்கள் நண்பர் ஒருவருடைய அப்பாவிடம் ஒரு பழைய டொல்பின் வான் இருக்கு. டேஷ் நம்பர் வான். எங்களில் பாதிப் பேருக்கு மூத்தது. காலையில பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏத்திட்டுப் போகும், மற்ற நேரத்துல ஹயர் ஓடும்.

சில மாசத்துக்கு முந்தி, லயத்துக்கு முன்னால அந்த வானைத் திருப்புறப்போ பாட்டி ஒருத்தர் இஸ்தோப்புல இருந்து சத்தம் போட்டாங்க. "ஏய், புள்ள நிக்குது!" வான் நின்றது. இறங்கிப் பார்த்தால், பின் பம்பருக்கு ஒரு முழம் தள்ளி ஒரு சின்னப் பிள்ளை குனிஞ்சு பந்து எடுத்துக்கொண்டிருந்தது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகல. எதுவும் தெரியாமல் பந்தைத் தூக்கிட்டு ஓடிப்போச்சு. ஆனால் வான் ஓட்டின அப்பா அன்றைக்கு ராத்திரி சாப்பிடல.

ரெண்டு கிழமை கழிச்சு, ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்க நாலு பேர் சேர்ந்து அந்த வானுக்கு ரிவர்ஸ் கமரா பூட்டினோம். "பழைய வாகனத்துக்குக் கமரா பூட்டுவது எப்படி" என்று ஒரு பக்கம் எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். வயர் இழுத்துக்கொண்டே பேசினதில் விஷயம் வேற பக்கம் போயிட்டது. வாகனம் ஓட ஆரம்பித்த நாளிலிருந்து பின்பக்கத்தை யார் பார்த்தார்கள்? இந்தக் கமரா எங்களிடம் வந்து சேர ஏன் இவ்வளவு காலம்? எல்லாத்துக்கும் மேல, எங்க ஊர்ல வான் பின்னுக்கு வரும்போதெல்லாம் அங்க ஏன் ஒரு பிள்ளை நிக்குது?

கண்ணாடிக்கு முன்னால் ஆள்

ஆரம்பகால மோட்டார் கார்களில் பின்னால் பார்க்கக் கண்ணாடி கிடையாது. பந்தயக் கார்களில் சாரதிக்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக் உட்கார்ந்திருப்பார். பின்னால் எந்தக் கார் வருகிறது என்று திரும்பிப் பார்த்துச் சொல்வதும் அவருடைய வேலை. 1909இல் டொரதி லெவிட் என்ற ஆங்கிலேயப் பெண், கார் ஓட்டும் பெண்களுக்காக ஒரு புத்தகம் எழுதினார். ஒரு சின்னக் கைக்கண்ணாடியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் என்ன வருகிறது என்று பார்க்க அதைத் தூக்கிப் பிடியுங்கள் என்று அதில் யோசனை சொன்னார்.

ரெண்டு வருஷம் கழித்து, 1911இல், அமெரிக்காவின் முதல் இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்துக்கு ரே ஹாரூன் மெக்கானிக் இல்லாமல் தனியாக வந்தார். பின்பக்கம் பார்க்க ஆள் இல்லாமல் ஓட்டுவது ஆபத்து என்று மற்றவர்கள் முறையிட்டார்கள். அவர் காரில் ஒரு கண்ணாடியைப் பூட்டிக்கொண்டு ஓடினார், வென்றும் விட்டார். அந்தக் கண்ணாடி ஓட்டத்தில் ஒரேயடியாக ஆடியதால் அதில் ஒன்றுமே தெரியவில்லை என்று பிற்காலத்தில் அவரே ஒத்துக்கொண்டார்.

எங்க ஊர்ல கண்ணாடி வந்த பிறகும் அந்த ஆள் போகல. லொறியில் அவருக்குப் பேர் கிளீனர், பஸ்ஸில் கொண்டக்டர். மலையகப் பாதையில பெரிய பஸ் வளைவில் ஒரே வெட்டில் திரும்பாது. கொண்டக்டர் இறங்கிப் பின்னால் ஓடி, பொடியில் தட்டித் தட்டி "வரட்டும், வரட்டும், ஹரி ஹரி" என்பார். ஒரு தட்டு வேறு மாதிரி விழுந்தால் நிறுத்து என்று அர்த்தம். ஏற்றத்தில் லொறி நின்றால் கிளீனர் குதிச்சு டயருக்கடியில் கல் வைப்பார். எங்க மாமாமார், சித்தப்பாமார் பல பேர் லொறி ஏறினது கிளீனராகத்தான். லைசென்ஸ் எல்லாம் அதற்குப் பிறகு வந்தது.

தனியாக வான் ஓட்டுகிற ஆளுக்குக் கிளீனர் இல்லை. சம்பளம் கொடுத்துக் கட்டாது. அந்த வேலையை இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கும் பாட்டி செய்கிறார், சம்பளமில்லாமல்.

ஒரு பிள்ளையின் பெயரில் ஒரு சட்டம்

கமராவை வைத்துப் பின்னால் பார்க்கலாம் என்ற யோசனை நாங்க நினைச்சதை விடப் பழசு. 1956இல் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் பியூக் செஞ்சுரியன் என்ற கண்காட்சிக் காரைக் காட்டியது. அதன் வால் பக்கத்தில் தொலைக்காட்சிக் கமரா, முன்னால் ஒரு சின்னத் திரை. அது விற்பனைக்கு வரவில்லை. 1972இல் வொல்வோவின் பரிசோதனைப் பாதுகாப்புக் காரிலும் கமரா இருந்தது. கடையில் வாங்கக்கூடிய காரில் அது வந்தது 1991இல், ஜப்பானில் மட்டும் விற்கப்பட்ட டொயோட்டா சோரர் என்ற விலை கூடிய காரில். ரொம்ப காலத்துக்கு அது பணக்காரர்களின் பொருளாகவே இருந்தது.

அதை மாற்றியது ஒரு சாவு. 2002இல் அமெரிக்காவில், நியூயோர்க்குக்குப் பக்கத்து லோங் ஐலண்டில், கெமரன் குல்பிரான்சன் என்ற இரண்டு வயதுப் பிள்ளை தன் வீட்டு வாசலிலேயே இறந்தது. வாகனத்தைப் பின்னால் எடுத்தவர் பிள்ளையின் சொந்த அப்பா. அவர் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டொக்டர். கண்ணாடிகளைப் பார்த்துத்தான் எடுத்தார். அந்த உயரமான வாகனத்தின் பின்பக்கத்தில், கண்ணாடியில் தெரியாத இடத்தில் பிள்ளை நின்றிருந்தது.

அந்தப் பெற்றோரும் அதே மாதிரிப் பிள்ளைகளை இழந்த வேறு பெற்றோரும் விடாமல் போராடினார்கள். 2008இல் அந்தப் பிள்ளையின் பெயரிலேயே ஒரு சட்டம் நிறைவேறியது. விதிகளை எழுதி முடிக்க 2014 ஆனது. செலவு கூடும் என்ற காரணம் திரும்பத் திரும்ப வந்து தவணை தள்ளிப்போனது. 2018 மே 1 முதல்தான் அங்கே ஒவ்வொரு புதுக் காரிலும் கமரா கட்டாயமானது. வாகனத்துக்குப் பின்னால் 10 அடி அகலம், 20 அடி நீளம் திரையில் தெரிய வேண்டும் என்பது விதி. அந்த விதி வந்தபோது அமெரிக்க அரசு சொன்ன கணக்கின்படி, பின்னால் வரும் வாகனங்களால் வருஷத்துக்கு சுமார் 210 பேர் இறந்தார்கள். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள். ஜப்பானில் 2022 மே மாதத்திலிருந்து புது மாடல்களுக்குக் கமராவோ பின்பக்கம் பார்க்க உதவும் வேறு கருவியோ கட்டாயம்.

கவனிச்சீங்களா? ரெண்டு நாட்டுச் சட்டமும் புது வாகனத்துக்குத்தான். எங்க தோட்டத்துப் பாதையில புது வாகனம் எங்க இருக்கு?

ரேடியோவால் வந்த திரை

1977க்குப் பிறகு, திறந்த பொருளாதாரத்தோடு, ஜப்பானில் பாவித்த வாகனங்கள் இலங்கைக்குக் கப்பல் கப்பலாக வந்தன. ரெண்டு நாட்டிலும் இடது பக்கம் ஓட்டுகிறோம், ஸ்டியரிங் வலது பக்கம், அதனால் அப்படியே ஓட்டலாம். "ரீகண்டிஷன்" என்றால் எங்க வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அந்த வாகனங்களோடு ஒரு தலைவலியும் வந்தது. ஜப்பானில் எப்.எம். அலைவரிசை 76இல் தொடங்கி 90 மெகாஹேர்ட்ஸோடு முடிந்தது (பிறகு கொஞ்சம் கூட்டினார்கள்). இங்கே 88இலிருந்து 108 வரை. அதனால் ஜப்பான் ரேடியோவில் எங்க நிலையங்கள் பெரும்பாலும் கேட்காது. திரை உள்ள காராக இருந்தால் அதில் ஜப்பான் எழுத்தும் ஜப்பான் வரைபடமும்தான். பாட்டுக் கேட்க வேண்டுமென்றே பல பேர் பழைய செட்டைக் கழற்றிவிட்டு அண்ட்ரொயிட் பிளேயர் பூட்டினார்கள். அந்தப் பிளேயருக்குப் பின்னால் கமராவுக்கான சொக்கட் ஏற்கெனவே இருந்தது. அமெரிக்காவுக்குக் கமராவைக் கொண்டுவந்தது ஒரு சட்டம். எங்களுக்குக் கொண்டுவந்ததில் பாட்டுக்கும் ஒரு பங்கு இருக்கு.

அப்புறம் 2020 மார்ச் வந்தது. அந்நியச் செலாவணி இல்லை என்று அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்குத் தடை நீங்கியது 2025 பெப்ரவரியில். கிட்டத்தட்ட ஐந்து வருஷம், நடுவில் 2022 நெருக்கடி, பெற்றோல் வரிசை, கியூ.ஆர். கோட். இருந்த பழைய வாகனத்தின் விலை ஏறிக்கொண்டே போனது. வித்தவங்களால திரும்ப வாங்க முடியல. அதனால் இருப்பதைத் தட்டி, ஒட்டி, பூச்சடித்து, இல்லாததைச் சேர்த்து ஓட்டினோம். பழைய வாகனத்துக்குக் கமரா பூட்டுவது எங்க தலைமுறைக்கு ஃபேஷன் இல்ல. புதுசு வாங்க முடியாத நாட்டில் இருப்பதை வைத்துச் சமாளிக்கிற வழி.

நம்பர் தகட்டுக்கு மேலே

கமரா ஒரு பெருவிரல் அளவு. பின் நம்பர் தகட்டுக்கு மேலே, நடுவில் பூட்டினோம். அதன் சிவப்பு வயரும் கறுப்பு வயரும் ரிவர்ஸ் லைட்டில் சேரும். ரிவர்ஸ் கியர் போட்டால்தான் கமராவுக்குக் கரண்ட். மஞ்சள் முனை உள்ள வீடியோ வயர் பின்னாலிருந்து டேஷ்போட் வரை போகணும். அதோடு ஒட்டி வரும் மெல்லிய சிவப்பு வயரைப் பின்னால் ரிவர்ஸ் லைட்டிலும் முன்னால் பிளேயரின் ரிவர்ஸ் வயரிலும் சேர்த்தால்தான் திரை தானாக மாறும். பின் கதவுக்கும் பொடிக்கும் நடுவில் ஒரு றப்பர் குழாய் இருக்கும். வயரை அதற்குள்ளால்தான் எடுக்க வேண்டும். சோம்பல்பட்டு வெளியே விட்டால் கதவு திறந்து மூடியே வயர் அறுந்துவிடும்.

முதலில் படம் கோடு கோடாக ஓடியது. எர்த் கொடுத்த இடத்தில் துரு. எமரித் தாள் போட்டுத் தேய்த்து வேறு போல்ட்டில் இறுக்கின பிறகு தெளிவானது. இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: வானுக்குப் பின்னால் வலது பக்கம் நிற்கிற ஆள், திரையிலும் வலது பக்கம்தான் தெரிய வேண்டும். இடம் மாறித் தெரிந்தால் அந்தக் கமரா முன்பக்கத்துக்கான அமைப்பில் இருக்கு. மாற்றாமல் ஓட்டினால், பிள்ளையிடமிருந்து விலகுவதாக நினைத்துப் பிள்ளையை நோக்கியே திருப்புவோம்.

தகட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தபோது அப்பா கேட்டார்: "ஸ்ரீ நம்பர் கதை தெரியுமா ஒங்களுக்கு?" எங்களில் ரெண்டு பேருக்குத் தெரியாது.

1957 தொடக்கத்திலிருந்து வாகனத் தகடுகளில் ஆங்கில எழுத்துக்குப் பதிலாகச் சிங்கள "ஸ்ரீ" எழுத்து வந்தது. 1956இன் தனிச்சிங்களச் சட்டத்துக்கு அடுத்த படி அது. வடக்கில் தமிழரசுக் கட்சி அதை எதிர்த்தது. 1958 ஜனவரியில் பஸ்கள் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானது. அந்தச் சபையின் பஸ்கள் சிங்கள ஸ்ரீயோடு வடக்குக்குப் போனபோது போராட்டம் சூடானது. தார் பூசும் போராட்டம் மலையகத்துக்கும் பரவியது. 1958 ஏப்ரல் தொடக்கத்தில் பொகவந்தலாவையில் பொலிஸ் சுட்டதில் இரண்டு தோட்டத் தொழிலாளர்கள் இறந்தார்கள். ஏப்ரல் 9ஆம் திகதி பண்டா–செல்வா ஒப்பந்தம் கைவிடப்பட்டது.

யோசிச்சுப் பாருங்க. அந்த மக்களில் பெரும்பாலானோரை 1948இன் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிப் பத்து வருஷம் ஆகியிருந்தது. அவர்களிடம் வாகனம் இருக்கவில்லை. தங்களுக்குச் சொந்தமே இல்லாத வாகனங்களின் பின்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்காக அந்த ரெண்டு பேரின் உயிர் போயிருக்கு. இன்றைக்கு நாங்க கமரா பூட்டுகிற இடத்துக்கு ஒரு சாண் கீழே அந்த எழுத்து இருந்தது.

சமதரைக்குப் போட்ட கோடு

கமரா வேலை செய்தது. திரையில் பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகள். சிவப்புக்குள் எது வந்தாலும் நிறுத்தணும். எல்லாருக்கும் சந்தோஷம். அப்போதுதான் ஒருத்தர் கேட்டார், "இந்தக் கோடு எந்த ஊர் ரோட்டுக்குப் போட்டது?"

சோதித்துப் பார்த்தோம். ஒரு கொழுந்துக் கூடையை எடுத்து, ஸ்டோருக்கு முன்னால் இருக்கும் சமமான இடத்தில், பம்பரிலிருந்து ஆறு அடி அளந்து வைத்தோம். கூடை சிவப்புக் கோட்டு ஓரத்தில் தெரிந்தது. பிறகு வானை லயத்துப் பாதைக்குக் கொண்டுபோய், பின்பக்கம் ஏற்றமாக இருக்கும் இடத்தில் அதே ஆறு அடியில் அதே கூடையை வைத்தோம். இப்போ கூடை மஞ்சளுக்குள் போயிட்டது. பக்கத்தில் இருப்பது தூரத்தில் இருப்பது போலத் தெரிகிறது.

இது பழுதில்லை. அந்தக் கோடுகளைச் சமதரையை வைத்துக் கணக்குப் போட்டு வரைகிறார்கள். பின்னால் நிலம் ஏறினால் பொருள் தள்ளித் தெரியும், இறங்கினால் கிட்டத் தெரியும். ஏற்றத்தை நோக்கிப் பின்னால் போகும்போதுதான் ஆபத்து அதிகம். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் சமதரையை எங்கே தேடுவது? அதோடு எங்க மிஸ்டும் மழையும். லென்ஸில் ஒரு துளி நின்றால் பிள்ளையும் பூச்சட்டியும் ஒன்றுதான். கமரா உள்ள கார்கள் பின்னால் போகும்போது நடக்கும் விபத்துகள் 17 வீதம் குறைந்தன என்று அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதி நிறுவனம் கண்டது. 17 வீதம் நல்லதுதான். மிச்சத்தையும் மறக்கக்கூடாது.

பிள்ளை ஏன் அங்கே நிற்கிறது?

கெமரன் நின்றது அவன் வீட்டுச் சொந்த வாசலில். எங்க பிள்ளை நின்றதும் வாசலில்தான். ஆனால் எங்க வாசலே ரோடு.

கோப்பிக் காலத்தில் தொடங்கி, 1870களுக்குப் பிறகு தேயிலைக்கு மாறி, லயங்கள் ஒரே அச்சில் கட்டப்பட்டன. மலையை வெட்டி ஒரு தட்டு, அதில் வரிசையாக 10 அடிக்கு 12 அடிக் காம்பராக்கள், முன்னால் ஒரு இஸ்தோப்பு, அதை ஒட்டி ஒரு கான், அதற்கு அடுத்தது பாதை. சில இடங்களில் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயம். பிள்ளை விளையாட ஒரு முற்றம் தேவை என்று அந்த வரைபடத்தை வரைந்தவர்கள் நினைக்கவில்லை. அவர்களுக்கு அது வேலையாட்களை ராத்திரிக்கு வைக்கிற இடம்.

பாதைகளும் அப்படித்தான். கொழுந்து ஸ்டோருக்குப் போகவும், தேயிலைப் பெட்டி ரயிலுக்குப் போகவும், துரையின் கார் பங்களாவுக்கு ஏறவும் போட்ட பாதைகள். 1880களின் நடுவில் ரயில் ஹட்டனையும் நானுஓயாவையும் எட்டியது தோட்டங்களுக்காக. ஆட்கள் நடப்பார்கள் என்பதுதான் கணக்கு. மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடத்திக் கொண்டுவரப்பட்டவர்கள்தானே. 2023இல், 200 வருஷ நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்களில் எங்களுக்குத் தெரிந்தவர்களும் உண்டு.

அந்த நடக்கிற மக்கள் இப்போ த்ரீவீலர் வாங்கியிருக்காங்க, வான் வாங்கியிருக்காங்க. அது எங்களுக்குப் பெருமை. பாதை மட்டும் அப்படியே நிற்கிறது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் பிரதேச சபைகள் வேலை செய்யத் தடையாக இருந்தது. தோட்டத்து மக்கள் பிரதேச சபைக்கு வாக்குப் போடலாம், ஆனால் அந்தச் சபை அவர்கள் வாசல் பாதையைத் திருத்த முடியாது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. அமெரிக்காவில் எல்லாப் புதுக் காருக்கும் கமரா வந்த அதே வருஷம்.

இப்போ தனிக் காணியில் தனி வீடுகள் கட்டுறாங்க, இந்திய வீடமைப்புத் திட்டமும் நடக்குது. தேவையானது, இன்னும் வேகமாக வேண்டியது. ஆனால் நாங்க பார்த்த சில தொகுதிகளில் பாதை முடியிற இடத்தில் ஒரு வான் திருப்ப இடமில்ல. உள்ளே போன வாகனம் முழுத்தூரமும் ரிவர்ஸில்தான் வரணும், ஏற்றத்தில். பிள்ளைகளுக்கு ஒதுக்கின நிலமும் கிடையாது. லயத்தின் பழைய வரைபடம் புது வீட்டுக்குள்ளும் வந்துவிடக்கூடாது என்றுதான் சொல்கிறோம். வீட்டுத் திட்டக் கூட்டம் நடக்கும்போது போய் உட்காருங்க. "வாகனம் எங்க திருப்புறது, பிள்ளை எங்க விளையாடுறது?" என்று கேளுங்க.

அதுவரைக்கும், வீட்டில் பழைய வாகனம் இருந்தால் கமரா பூட்டுங்க. ஏற்றத்தில் கோட்டை நம்பாதீங்க. மழை நாளில் லென்ஸைத் துடைங்க. ஏறுவதற்கு முன் ஒரு தடவை வாகனத்தைச் சுற்றி நடங்க.

அன்றைக்குச் சாயந்தரம் அப்பா வானை எடுத்துப் பார்த்தார். ரிவர்ஸ் கியர் போட்டதும் திரையில் லயத்து வாசல் முழுசாகத் தெரிந்தது. கான், காயப்போட்ட துணி, ரெண்டு கோழி, அதே பிள்ளை, அதே பந்து. அவர் பிரேக்கில் காலை வைத்தபடி கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, இஸ்தோப்புப் பக்கம் பார்த்துக் கேட்டார்:

"அம்மா, பின்னுக்கு யாரும் நிக்கிறாங்களா?"